ஹோவர்ஃப்ளை விடும் முன் மஞ்சள் அட்டையைக் கழற்றுங்கள்

போன செப்டம்பரில், மெல்பர்னுக்குக் கிழக்கே யாரா பள்ளத்தாக்கில், ஒரு தம்பியின் பிளாஸ்டிக் கூரை போட்ட ஸ்ட்ராபெர்ரி டன்னலுக்குப் போயிருந்தேன். பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்ய, ஹோவர்ஃப்ளை என்ற ஈயின் கூட்டுப்புழுக்களை என்னிடம்தான் வாங்கிப்போயிருந்தார். உள்ளே நுழைந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என் முதல் வருடத் தவறுகள் அத்தனையும் அங்கே வரிசையாக நின்றன.

இந்த ஈயைத் தேடிப் போக எங்களுக்குக் காரணம் உண்டு. டாஸ்மேனியாவை விட்டால் ஆஸ்திரேலியாவில் பம்பிள்பீ என்ற பருத்த தேனீ கிடையாது. தேனீப் பெட்டிக்காரர்களோ 2022இல் நியூகாசில் துறைமுகத்தில் தென்பட்ட, தேனீயைத் தாக்கும் வரோவா உண்ணியோடு மல்லுக்கட்டுகிறார்கள். நான் வளர்ப்பது எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்ற ஹோவர்ஃப்ளை வகை. பார்த்தால் அச்சு அசல் தேனீ. ஆனால் கொடுக்கு இல்லை, இறக்கையும் ஒரே ஜோடிதான். தேனீ வெளியே வரத் தயங்கும் குளிர்ந்த காலையிலும் பூவில் உட்கார்ந்திருக்கும்.

மருந்தடித்த கையோடு ஈயை விடக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன்.

தேனீப் பெட்டி என்று நினைப்பது

தேனீ, கூட்டிலிருக்கும் குஞ்சுகளுக்காக ஓடி ஓடிச் சேர்க்கிறது. இந்த ஈக்குக் கூடும் இல்லை, குடும்பமும் இல்லை. தன் வயிற்றுக்குத் தேன், முட்டை முதிர மகரந்தம், அவ்வளவுதான். பூக்காத டன்னலில் விட்டால் பட்டினி. பக்கத் திரையைத் தூக்கிவிட்டால் போனது போனதுதான், சாயங்காலம் திரும்பி வராது. ஆயுளும் சில வாரங்களே. அதனால் மொத்தத்தையும் ஒரே நாளில் வைக்காமல், பூ வரும் வேகத்துக்கு ஏற்பத் தவணையாக வையுங்கள்.

"எழுபது சதவீதம் கூடுதல் மகசூலாமே?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. 2018இல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து ஆய்வில் அப்படி ஒரு கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அங்கே சோதித்தது அசுவினியைத் தின்று வளரும் சிறிய வகைகளை. ஒப்பிட்டதோ பூச்சியே அண்டாத செடிகளோடு. உங்கள் டன்னலில் ஏற்கெனவே தேனீ சுற்றுகிறது என்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

மஞ்சள் அட்டை

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

வெள்ளை ஈக்கும் இலைப்பேனுக்கும் பசை தடவிய மஞ்சள் அட்டை தொங்கவிடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் எரிஸ்டாலிஸ், கூட்டுப்புழு உறையிலிருந்து வெளிவந்து ஒரு பூவைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே, மஞ்சளைக் கண்டால் வாயை நீட்டும். மகரந்தத்தின் நிறம் அது, பிறவியிலேயே வருவது. ஸ்ட்ராபெர்ரிப் பூவின் நடுவிலும் அந்த மஞ்சள்தான், ஒரு பொட்டு அளவுக்கு. பக்கத்திலேயே புத்தகம் அகலத்துக்கு மஞ்சள் தொங்கினால் ஈ எங்கே போகும்?

என் முதல் வருடம் 600 கூட்டுப்புழு வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பூக்களில் ஈயே இல்லை. குளிரைத் திட்டினேன், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் கூரையைத் திட்டினேன். கடைசியில் அட்டை மாற்ற வந்த பையன்தான் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து, "இது உங்க தேனீயா?" என்றான். இரண்டு பக்கமும் அப்பிக் கிடந்தன. காசு கொடுத்து வளர்த்து, காசு கொடுத்து ஒட்டியிருக்கிறேன்.

நஷ்டம் அன்றைக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. பழத்தின் மேலிருக்கும் விதைகளில் எது கருவுற்றதோ அதைச் சுற்றித்தான் சதை பருக்கும். மற்ற இடம் சூம்பிவிடும். பூவிலிருந்து பழத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம். கோணல் பழம் கண்ணில் படும்போது செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. அந்தப் பருவம் பாதிப் பழத்தை ஜாம் விலைக்குத் தள்ளிவிட்டேன்.

தம்பியிடம் இதை எல்லாம் சொன்னேன். "ஆலோசகர் தொங்கவிடச் சொன்னாரே அண்ணா" என்றார். ஆலோசகர் ஈ விடவில்லை, நீங்கள்தான் விடுகிறீர்கள்.

கூட்டுப்புழுவை வைக்கும் முன்பே எல்லா அட்டையையும் கழற்றுங்கள். நீல அட்டைக்கு மாறினால் போதும் என்பார்கள். அதிலும் ஒட்டும், எண்ணிக்கைதான் குறையும். இலைப்பேனைக் கணக்கெடுக்க வெள்ளைத் தட்டில் பூவைத் தட்டிப் பாருங்கள். அட்டையைவிட அது எனக்குச் சரியாகச் சொல்கிறது.

தக்காளி

வேண்டாம். அதன் மகரந்தம் உதிர அதிர வைக்க வேண்டும்; இந்த ஈக்கு அது வராது.

நாற்றம்

சொந்தமாக வளர்த்தால் புழுத் தொட்டியின் சாணத் தண்ணீர் நாறும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொட்டியைச் சுற்றிக் காய்ந்த இடம் வைக்காதது

சொந்தமாக வளர்க்கத் துணிகிறவர்களுக்கு மட்டும் இது. புழு, சாணம் கரைத்த தண்ணீரில் எலிவால் போன்ற மூச்சுக்குழாயை மேலே நீட்டிக்கொண்டு வளரும். முதிர்ந்ததும் தண்ணீரை விட்டு ஏறிக் காய்ந்த இடம் தேடும். ஓரத்தில் ஒரு தட்டு நிறைய மரத்தூள் வைத்தால் அதிலேயே கூட்டுப்புழுவாகும். நான் வைக்கவில்லை. ஷெட் முழுக்கத் தேடியும் பாதிப் புழுவைக் காணோம். மறுநாள் விடியற்காலை இருட்டில் ரப்பர் பூட்ஸை உதறாமல் போட்டுக்கொண்டேன்.