பானெட்டில் விழுந்த கீறல்கள்

கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். பழைய பனியன் துணியும் ஒரே வாளித் தண்ணீரும்தான் காரணம். துணியில் ஒட்டிய மண்ணையே திரும்பத் திரும்பத் தேய்த்திருக்கிறேன்.

சரி என்று 2 வாளி, கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் கையுறை வாங்கினேன். முதலில் குழாய்த் தண்ணீரால் மண்ணை அடித்துவிடுவேன். அப்புறம் ஷாம்பு. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை இரண்டாவது வாளியின் வெறும் தண்ணீரில் அலசிவிடுவேன். சக்கரத்துக்குத் தனித் துணி.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி படியும். அதனால் துடைக்கும் துண்டுக்குத்தான் தாராளமாகச் செலவழிக்கச் சொல்வேன். தடிமனான பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து, அழுத்தாமல் இழுத்தாலே ஈரத்தை உறிஞ்சிவிடும். பழைய கீறல்கள் பாலிஷ் போட்டால்தான் போகும்.