பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது எப்படி: நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் ஒரு வழிகாட்டி

மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பெரிய மருத்துவமனைக்கு முதன்முறையாகச் செல்பவரைத் திகைக்க வைப்பது, கட்டிலருகே வந்து போகும் மருத்துவர்களின் எண்ணிக்கைதான். காலையில் ஒருவர் வந்து நோய் தொடங்கிய கதையைக் கேட்டு எழுதிக்கொள்வார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொருவர் வந்து அதையே முதலிலிருந்து கேட்பார். பிறகு பத்துப் பேர் கூட்டமாக வந்து நின்று தங்களுக்குள் பேசிவிட்டுப் போவார்கள். இவர்களில் யார் நம் மருத்துவர் என்பதே மாலை வரை தெரியாமல் போகலாம். இது ஒழுங்கில்லாத இடம் என்று அதற்குள் முடிவு கட்டிவிட வேண்டாம். சிகிச்சை, கற்பித்தல், ஆராய்ச்சி ஆகிய மூன்று வேலைகளும் அங்கே ஒரே கட்டிலைச் சுற்றி நடக்கின்றன. ஆகவே யார் எதற்காக வந்தாலும், "இது என் சிகிச்சைக்காகவா, மாணவர்கள் கற்பதற்காகவா, ஆராய்ச்சிக்காகவா?" என்று தயங்காமல் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்காக என்றால் விளக்கம் கேட்டு முடிவு செய்யலாம். மற்ற இரண்டுக்கும் சம்மதிப்பது முழுக்க உங்கள் விருப்பம்.

மாணவர்கள் நோயாளியின் அருகில் நின்று கற்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹெர்மன் பூர்ஹாவே என்ற பேராசிரியர் பன்னிரண்டே படுக்கைகளை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்த மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இலும் அதன் மருத்துவக் கல்லூரி 1893இலும் தொடங்கப்பட்டபோது, அங்கே மருத்துவப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை விரிவுரைக் கூடத்திலிருந்து வார்டுக்கு அழைத்து வந்து, நோயாளியின் பராமரிப்பிலேயே பங்கெடுக்க வைத்தார். இன்று உலகெங்கும் உள்ள கல்லூரி மருத்துவமனைகளில் நாம் காணும் பழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

போவதற்கு முன்

எல்லா நோய்க்கும் இத்தகைய மருத்துவமனை தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கும், கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தத்துக்கும், உங்களை ஆண்டுக்கணக்கில் அறிந்த மருத்துவரே மேல். நோய் இன்னதென்று பிடிபடாதபோதும், பல உறுப்புகள் ஒருசேரப் பாதிக்கப்பட்டிருக்கும்போதும், அரிய நோய் என்று சந்தேகிக்கப்படும்போதும், சிக்கலான அறுவை சிகிச்சை தேவைப்படும்போதும்தான் பல துறை வல்லுநர்கள் ஒரே இடத்தில் இருப்பதன் பயன் முழுமையாகக் கிடைக்கும்.

புறப்படும்போது பரிந்துரைக் கடிதம், பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் அறிக்கைகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேனின் எழுத்து அறிக்கை மட்டும் போதாது. படங்களும் வேண்டும், ஏனென்றால் அங்குள்ள கதிரியக்க மருத்துவர் படத்தைத் தானே பார்க்க விரும்புவார். எந்த மருந்துக்கு ஒவ்வாமை உண்டு, எந்த ஆண்டில் என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி மேலே வையுங்கள். மாத்திரைகளின் பெயரை எழுதிச் செல்வதைவிட, அட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது நல்லது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு.

என் தாயார் இத்தகைய ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தபோது, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏன் ஏறுகிறது என்பது யாருக்கும் விளங்கவில்லை. "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மூன்று மருத்துவர்கள் கேட்டிருந்தார்கள், அம்மாவும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை மூன்று முறையும் சரியாகச் சொல்லியிருந்தார். வார்டு ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில் ஒரு மாணவி வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில், "உங்கள் பையில் இருப்பதை எல்லாம் ஒருமுறை காட்டுங்கள் அம்மா" என்றாள். கண்ணாடிக் கூட்டுக்கும் கைக்குட்டைக்கும் அடியில் பாதி காலியான ஓர் அட்டை கிடந்தது. முழங்கால் வலிக்காகக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போட்டுவந்த வலி நிவாரணி அது. மருத்துவர் எழுதித் தராத ஒன்றை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. அது நிறுத்தப்பட்டது, அடுத்தடுத்த வாரங்களில் கிரியேட்டினின் மெல்ல இறங்கியது. மூத்த மருத்துவருக்குக் கிடைக்காத முக்கால் மணி நேரம் மாணவருக்குக் கிடைக்கிறது. உடம்புக்கு முடிந்தால், மாணவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

யார் யார் என்று அறிந்துகொள்வது

சேர்ந்த முதல் நாளே ஒரு சிறு குறிப்பேட்டில் பெயர்களை எழுதத் தொடங்குங்கள். உங்கள் சிகிச்சைக்கு இறுதிப் பொறுப்பு வகிப்பவர் ஒரு மூத்த மருத்துவர். பெரும்பாலும் அவரே பேராசிரியராகவும் இருப்பார். அவருக்குக் கீழே, பட்டம் பெற்று ஒரு சிறப்புத் துறையில் மேற்பயிற்சி பெறும் மருத்துவர்கள் இருப்பார்கள். அன்றாட முடிவுகளில் பலவற்றை எடுப்பவர்களும், இரவில் அழைத்தால் வருபவர்களும் இவர்களே. அடுத்து, படிப்பை அண்மையில் முடித்த பயிற்சி மருத்துவர்கள். கடைசியாக மாணவர்கள், இவர்கள் தாமாக மருந்து எழுதவோ சிகிச்சையை மாற்றவோ முடியாது. "இன்று இரவு இவருக்கு ஏதாவது என்றால் யாரை அழைப்பது?" என்று மாலையில் செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பணிமுறை மாறும் வேளையில்தான் தகவல்கள் நழுவுகின்றன. காலையில் நிறுத்தச் சொன்ன ஊசி இரவில் மறுபடி வந்தால், அதைச் சுட்டிக்காட்ட எல்லா வேளையும் அங்கேயே இருப்பவர் நீங்கள்தான்.

காலை ரவுண்ட்ஸ், அதாவது மருத்துவர் குழு கட்டில் கட்டிலாக வந்து நோயாளிகளைப் பார்ப்பது, அன்றைய நாளின் மிக முக்கியமான பத்து நிமிடம். அது எத்தனை மணிக்கு என்று முதல் நாளே விசாரித்து, உடனிருப்பவர் அந்த நேரத்தில் கட்டாயம் அங்கே இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். கேள்விகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். முக்கியமானதை முதலில் கேளுங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் வீண் கலக்கம் குறையும். பேராசிரியர் மாணவரைப் பார்த்து, "இந்த அறிகுறி வேறு எந்தெந்த நோய்களில் வரும்?" என்று கேட்பார்; மாணவர் புற்றுநோய் வரை அடுக்கிக்கொண்டே போவார். அது பாடம், உங்கள் நோய்க்கான தீர்ப்பன்று. கேட்டுவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடப்பதைவிட, அங்கேயே, "இவற்றில் எனக்கு இருக்கக்கூடியது எது என்று கருதுகிறீர்கள்? அதை எப்படி உறுதி செய்வீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

மாணவர்கள் பரிசோதிப்பதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்ததற்காகச் சிகிச்சை குறையக் கூடாது. முழுவதுமாக மறுக்காமல், "பேசலாம், ஆனால் உடலைப் பரிசோதிக்க வேண்டாம்" என்றோ, "ஒருவர் மட்டும் இருக்கட்டும்" என்றோ எல்லை வகுக்கலாம். அந்தரங்க உறுப்புப் பரிசோதனை என்றால், துணைக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயமானது. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கையொப்பமிடும் முன், கத்தியைப் பிடிப்பவர் யார், மேற்பார்வையிடும் மூத்தவர் அறையில் இருப்பாரா, மயக்கத்தில் இருக்கும்போது கற்பதற்காக யாரேனும் பரிசோதிப்பார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், அறையை விட்டு வெளியேறும் முன் என மூன்று கட்டங்களில் அவை சரிபார்க்கப்படுகின்றன. ஆகவே உங்கள் பெயரையும் எந்தப் பக்கம் அறுவை என்பதையும் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் தெளிவாகப் பதில் சொல்லுங்கள்.

ஆராய்ச்சிக்கு அழைத்தால்

இங்கேதான் மிகுந்த நிதானம் வேண்டும். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து அவரது அனுமதியின்றி எடுக்கப்பட்ட செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகின்றன. அவற்றால் அறிவியல் பெற்ற பயன் மிகப் பெரிது, ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. தன்விருப்பமான ஒப்புதல் இன்றி மனிதர்மீது ஆய்வு கூடாது என்று 1947இல், நாஜி மருத்துவர்கள்மீதான வழக்கின் தீர்ப்பில் உருவான நியூரம்பெர்க் நெறிமுறைகளும், பின்னர் 1964இல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனமும் வலியுறுத்தின. இன்று உங்கள் முன் நீட்டப்படும் பல பக்க ஒப்புதல் படிவம் அந்த வரலாற்றின் விளைவு. அதை வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். ஒரு பிரதி கேட்டு வாங்கி, வீட்டாரோடு பேசிவிட்டு மறுநாள் பதில் சொல்லுங்கள்.

புதிய மருந்துக்கான ஆய்வு என்றால், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் கட்டம் பாதுகாப்பையும் அளவையும் கண்டறிவதற்காகச் சிலரிடம் நடத்தப்படுவது; மூன்றாம் கட்டம் ஏற்கெனவே உள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவதற்காக நூற்றுக்கணக்கானோரிடமோ ஆயிரக்கணக்கானோரிடமோ நடத்தப்படுவது. யாருக்கு எந்த மருந்து என்பது பல ஆய்வுகளில் குலுக்கல் முறையில்தான் முடிவாகிறது; உங்களுக்குக் கிடைத்தது எது என்பது உங்கள் மருத்துவருக்கே தெரியாமலும் இருக்கலாம். மருத்துவர் நமக்கென்று தேர்ந்தெடுத்துத் தரும் சிறந்த சிகிச்சை இது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆய்வின் முதல் நோக்கம் விடை காண்பது. உங்களுக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பாதிப்பு ஏற்பட்டால் செலவை ஏற்பவர் யார், எடுத்த இரத்தமும் திசுவும் பிறகு என்னவாகும், நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். இவையெல்லாம் தெளிவானபின் மனமிருந்தால் சேருங்கள். நாம் இன்று நம்பிச் சாப்பிடும் மருந்துகள் பலவற்றுக்குப் பின்னால், இப்படிச் சம்மதித்த முன்பின் அறியாத மனிதர்கள் இருக்கிறார்கள்.

வீடு திரும்பும்போது

நோய், சிகிச்சை, இனி எடுக்க வேண்டிய மருந்து ஆகியவற்றை எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கையில் வாங்கியதும் கிளம்பிவிடாமல், அங்கேயே உட்கார்ந்து ஒரு மருத்துவரோடு வரி வரியாகப் படியுங்கள். எந்தப் பழைய மாத்திரை நின்றது, எது புதிதாகச் சேர்ந்தது, எதன் அளவு மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். திசுப் பரிசோதனை போன்ற சில முடிவுகள் வீட்டுக்குப் போனபின்தான் வரும். அவை எவை, எந்தத் தேதியில், யாரிடம் கேட்டுப் பெறுவது என்பதைச் சுருக்கத்தின் ஓரத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பயிற்சி மருத்துவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை துறை மாறுவார்கள் என்பதால், அடுத்த முறை நீங்கள் வரும்போது இன்றைய முகங்கள் அங்கே இல்லாமல் போகலாம். அதனால் தனி ஒருவரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், துறையின் தொலைபேசி எண்ணையும் பொறுப்பு மருத்துவரின் பெயரையும் உங்கள் பதிவு எண்ணையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து, அந்தக் குறிப்பேட்டையே அடுத்த வருகைக்கும் எடுத்து வாருங்கள்.