நண்பர்களோடு கரீபியன் கப்பல் பயணம் போகும் முன்

முதலில் ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள், எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தால் அறைகள் தீர்ந்துவிடும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். கட்டணம் குறையலாம், கப்பலின் வழியும் மாறலாம், எனக்குப் பிடித்தது பிப்ரவரிதான். கட்டணம் பெரும்பாலும் அறைக்கு இருவர் என்ற கணக்கு, அதனால் தனி அறை எடுப்பவர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் கட்ட வேண்டியிருக்கும், அதை முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். மயாமியில் ஏறுவதென்றால் முந்தைய நாளே போய்ச் சேருங்கள். பெட்டி அறைக்கு வர மாலையாகலாம்; பாஸ்போர்ட், மாத்திரை, நீச்சலுடை கைப்பையில் இருக்கட்டும். அப்புறம், மெக்சிகோவின் கொசுமெல் தீவில் இறங்கும்போது கப்பல் நேரம் வைத்த சாதாரண கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், ஒரு மணி நேரம் பிசகினாலும் கப்பல் காத்திருக்காது.