பழைய வின்ஃபார்ம்ஸ் திரையில் புதிய டபிள்யூபிஎஃப் பகுதியைப் பொருத்துவது எப்படி?

விண்டோஸ் புரோகிராம்களின் திரைகளை உருவாக்க மைக்ரோசாஃப்ட் தந்த இரண்டு தொழில்நுட்பங்கள் வின்ஃபார்ம்ஸும் டபிள்யூபிஎஃப்பும்; முதலாவது பழையது, இரண்டாவது அதற்குப் பின் வந்தது. பல ஆண்டுகள் ஓடிய ஒரு வின்ஃபார்ம்ஸ் புரோகிராமில் புதிய டபிள்யூபிஎஃப் அட்டவணை ஒன்றைச் சேர்த்தேன். பட்டனை அழுத்தினேன். அட்டவணை வந்தது; கூடவே, பின்னால் இருந்த பழைய திரை முழுவதும் கண்ணெதிரே சுருங்கிப்போனது. எழுத்துகள் எறும்பு அளவு. நான் தொட்டதே இல்லாத திரை அது! அந்தச் சிக்கலுக்கும் வழி கீழே இருக்கிறது. டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8, விஷுவல் ஸ்டுடியோ இரண்டும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பகுதியை உருவாக்குங்கள். புராஜெக்டில் புதிய உருப்படியாக டபிள்யூபிஎஃப் யூசர் கன்ட்ரோல் ஒன்றைச் சேர்த்து, ஒருமுறை பில்டு செய்யுங்கள். பில்டு செய்யாவிட்டால் அடுத்த படியில் அது பட்டியலில் தெரியாது.

படி 2: கூடு கட்டுங்கள். டூல்பாக்ஸிலிருந்து எலிமென்ட்ஹோஸ்ட்டை (டபிள்யூபிஎஃப் பகுதியைத் தாங்கும் வின்ஃபார்ம்ஸ் கூடு இது) இழுத்துப் பழைய ஃபார்மில், அதாவது வின்ஃபார்ம்ஸ் திரையில், போட்டு, அதன் சைல்டு பண்பில் உங்கள் கன்ட்ரோலைக் கொடுங்கள். பொருத்தும் வேலை அவ்வளவுதான். தலைவலி இனிமேல்தான்.

படி 3: திரை சுருங்காமல் பாருங்கள். விண்டோஸில் காட்சி அளவு 150 சதவீதம் என்று வைத்திருந்தால், பழைய புரோகிராமின் திரையை விண்டோஸே ஒரு படத்தைப் போல இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. டபிள்யூபிஎஃப் நினைவகத்தில் ஏறியதும், "அளவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று மொத்த புரோகிராமின் சார்பில் விண்டோஸிடம் சொல்லிவிடுகிறது. இழுப்பது நின்றுபோக, பழைய திரை தன் உண்மையான அளவுக்குத் திரும்பிவிடுகிறது.

இதற்கு வழி இரண்டு. மேனிஃபெஸ்ட் கோப்பில் (புரோகிராம் தன்னைப் பற்றி விண்டோஸிடம் சொல்லும் கோப்பு) டிபிஐஅவேர், அதாவது "அளவை நானே பார்த்துக்கொள்கிறேன்", என்பதைத் தொடக்கத்திலேயே 'ட்ரூ' என்று அறிவித்து, பழைய ஃபார்ம்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்வது முறையான வழி. புராஜெக்டின் அசெம்பிளிஇன்ஃபோ கோப்பில் டிசேபிள்டிபிஐஅவேர்னஸ் என்ற ஒரு வரியைச் சேர்த்து, டபிள்யூபிஎஃப் அப்படிச் சொல்லாமல் தடுப்பது குறுக்கு வழி. எழுத்துகள் முன்போலச் சற்று மங்கலாகவே இருக்கும், ஆனால் எதுவும் குதிக்காது. ஐம்பது ஃபார்ம்கள் இருந்தால் நான் இரண்டாவதையே எடுப்பேன், வெட்கப்படாமல்.

எதைச் செய்தாலும் 100, 150 ஆகிய இரண்டு அளவுகளிலும் ஓட்டிப் பாருங்கள். 100 சதவீதத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை உங்கள் கண்ணில் படவே படாது.

படி 4: தட்டச்சைச் சோதியுங்கள். எலிமென்ட்ஹோஸ்ட்டுக்குள் இருக்கும் பகுதியில் பெரும்பாலும் தொல்லை வராது. தனி டபிள்யூபிஎஃப் சாளரத்தை 'ஷோ' கொடுத்துத் திறந்தால்தான் வேடிக்கை: உரைப்பெட்டியில் பேக்ஸ்பேஸ் வேலை செய்யும், அம்புக்குறிகள் வேலை செய்யும், ஓர் எழுத்துகூட விழாது. விசைகளை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது வின்ஃபார்ம்ஸின் செய்திச் சுற்று (மெசேஜ் லூப்). அதற்குப் புதிய சாளரத்தைத் தெரியாது. 'ஷோ'வுக்கு முன், எலிமென்ட்ஹோஸ்ட்டின் எனேபிள்மோட்லெஸ்கீபோர்டுஇன்டராப் என்ற முறையை அந்தச் சாளரத்தைக் கொடுத்து அழையுங்கள். 'ஷோடயலாக்' கொடுத்துத் திறந்தால் இது தேவையில்லை.

படி 5: நிறங்களைத் தேடுங்கள். புரோகிராம் வின்ஃபார்ம்ஸ் வழியாகத் தொடங்குவதால், டபிள்யூபிஎஃப்பின் அப்ளிகேஷன் பொருள் உருவாவதே இல்லை, அப்ளிகேஷன்.கரன்ட் நல் ஆகவே (காலியாகவே) இருக்கும். ஆகவே எல்லாருக்கும் பொதுவாக ஆப்.ஸாமல் என்ற டபிள்யூபிஎஃப் கோப்பில் ஸ்டைல்களை (நிறம் போன்ற தோற்ற விதிகளை) வைத்துவிட்டு இங்கே எதிர்பார்த்தால் கிடைக்காது. அவற்றைத் தனி ரிசோர்ஸ் டிக்‌ஷனரி கோப்பாக்கி, யூசர் கன்ட்ரோலுக்குள்ளேயே இணைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பழைய லேபிள் ஒன்றைப் புதிய பகுதியின் மேல் பாதி ஒளி ஊடுருவ மிதக்கவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பிக்சலும் ஏதாவது ஒரு தொழில்நுட்பத்துக்கு மட்டுமே சொந்தம். நான் இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு, அந்த லேபிளையும் டபிள்யூபிஎஃப்பிலேயே எழுதினேன். பத்து நிமிட வேலை.