தாத்தா அனுப்பிய 200 வெள்ளிக்கு ஊரில் எத்தனை ரூபாய்? இராமநாதபுரக் கரைக்குப் போகிறவர்களுக்கு

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை என்று இராமநாதபுரக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும், இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் பழைய பணத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்த பிள்ளை திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் பெரியவர்கள் எடுப்பது அந்தக் கதையைத்தான்: "உங்க தாத்தா வெள்ளி அனுப்பித்தான் இந்தக் கிணறு வெட்டுனது." வெள்ளி என்றால் அந்த நாட்டு டாலர், நூறு காசு ஒரு வெள்ளி. உடனே போனை எடுத்து இன்றைய விலையில் பெருக்கிப் பார்க்காதீர்கள். எந்த வருஷம், எந்த மாசம் என்று கேளுங்கள். இதை நான் எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான்.

எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. அப்பத்தாவின் கணக்கு நோட்டில் இரண்டு வரிகள் உண்டு. 1966 சித்திரையில் பெரியப்பா மலேசியாவின் சிரம்பானிலிருந்து அனுப்பிய 200 வெள்ளிக்கு மணியார்டரில் வந்தது 311 ரூபாய். அதே வருஷம் ஆவணியில் அப்பா அனுப்பிய 200 வெள்ளிக்கு வந்தது 490. தொகை ஒன்று, ரூபாய் வேறு. 179 ரூபாயைத் தபால்காரர் எடுத்துக்கொண்டார் என்று அப்பத்தா முடிவு கட்டிவிட்டார். சாகும்வரை அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

நடந்தது இதுதான். 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அமெரிக்க டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. மலாயா வெள்ளி அப்போது பிரிட்டிஷ் பவுனோடு கட்டப்பட்டிருந்தது, ஒரு வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ். ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு ஷில்லிங் 12 பென்ஸ் என்பதால், 28 பென்ஸை 18 ஆல் வகுத்தால் ஒரு வெள்ளிக்கு 1.56 ரூபாய் சுமார். ஜூன் 6-க்குப் பிறகு அதே வெள்ளிக்கு 2.45 ரூபாய். நோட்டில் உள்ள 311-ம் 490-ம் அப்படியே பொருந்துகின்றன. தபால்காரர் ஒரு காசு எடுக்கவில்லை.

அந்த 1.56 நீண்ட காலம் நின்ற விலை. 1927-ல் ரூபாயை 18 பென்ஸ் என்று சட்டமாக்கியதிலிருந்து 1966 வரை அதுதான். 1949-ல் பவுன் இறங்கியபோது இரண்டு நாணயங்களும் சேர்ந்தே இறங்கியதால் மாற்றமில்லை. அணாக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 1 ரூபாய் 9 அணா. அதற்கு முன்பு, 1906 முதல் முதல் உலகப்போர்க் காலம் வரை ரூபாய் 16 பென்ஸ் என்பதால் ஒரு வெள்ளிக்கு 1 ரூபாய் 12 அணா.

பழைய கிரயப் பத்திரம் கையில் கிடைத்தால் இந்தக் கணக்கு உயிர் பெறும். 1938-ல் 400 ரூபாய்க்கு வாங்கிய புஞ்சை என்றால் அது 257 வெள்ளி. மலாயா ரப்பர் தோட்டத்தில் ஆணின் நாள்கூலி அப்போது 50 காசை ஒட்டித்தான் இருந்தது. சாப்பிடாமல் குடிக்காமல் ஐந்நூறு நாளுக்கு மேல் பால் வெட்டிய கூலி. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு நிலத்தின் வரப்பில் போய் நின்று பாருங்கள். பத்திரம் வீட்டில் இல்லையென்றால் சர்வே எண்ணோடு சப் ரிஜிஸ்தார் ஆபீஸில் நகல் கேட்கலாம்.

டிரங்குப் பெட்டியில் வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு இருக்கலாம். அது 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் மலாயாவில் அச்சடித்தது. போர் முடிந்ததும் செல்லாக் காசாகிவிட்டது. தூக்கிப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

1967-க்குப் பிறகு கணக்கு சிக்கலாகும். அந்த ஆண்டு ஜூனில் மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி நோட்டு வெளியிட்டன. நவம்பரில் பவுன் மறுபடி இறங்க, அதோடு கட்டப்பட்டிருந்த பழைய மலாயா வெள்ளி புதிய வெள்ளியில் 85 காசாகிவிட்டது. பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்த ஏழைகளுக்கு விழுந்த அடி அது. 1973 மே மாதம் இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கொன்று என்ற ஏற்பாடு முடிந்தது. ஆகவே அதற்குப் பிந்திய பணம் என்றால் எந்த நாட்டிலிருந்து என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1991 ஜூலையில் இந்தியா மறுபடி மதிப்பைக் குறைத்தது. 1997 நடுவில் 14 ரூபாய் அளவில் இருந்த ரிங்கிட் (மலேசிய வெள்ளி), அமெரிக்க டாலருக்கு 3.80 என்று 1998 செப்டம்பரில் கட்டப்பட்டபோது 11-ஐ ஒட்டி இருந்தது. அந்த இரண்டு வருஷம் "மகன் குறைத்து அனுப்புகிறான்" என்று மனம் வருந்திய பெற்றோர் ஊரில் இன்றும் இருப்பார்கள்; அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். 2024-ல் சிங்கப்பூர் வெள்ளி 60 ரூபாய்க்கு மேல், ரிங்கிட் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். 1973 வரை இரண்டும் ஒரே விலை!

இன்றைய செலவுக்கு: பணத்தை மதுரையிலோ இராமநாதபுரம் டவுனிலோ உரிமம் பெற்ற கடையில் மாற்றிக்கொண்டு கிராமத்துக்குப் போங்கள். போனில் தெரிவது நடுவிலை, கடைக்காரர் அதைவிடக் குறைத்துத்தான் தருவார். எவ்வளவு குறைவு என்று இரண்டு இடத்தில் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மிஞ்சிய ரூபாயைத் திருப்பி மாற்றும்போது கேட்பார்கள். 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாகக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். போன பயணத்தில் மிஞ்சிய பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பரிலேயே செல்லாமல் போய்விட்டன.

போன முறை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. மகள் இருந்தார், அறுபது வயதுக்கு மேல். இரண்டு வரியையும் காட்டி, ஜூன் 6 கதையைச் சொன்னேன். வெகுநேரம் 490 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா இதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு, தம்பி. காசு ஏறிப்போச்சு ஆத்தான்னு. யாரும் நம்பல." பிறகு உள்ளே போய் எனக்குக் காப்பி போட்டார்.