மியூஸ்லியும் கிரானோலா பாரும்: ஒரே வறுவலில் இரண்டு

காலையில் பாலிலோ தயிரிலோ போட்டுச் சாப்பிடும் மியூஸ்லிக்கும் கிரானோலாவுக்கும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஓட்ஸ், கொட்டைகள், விதைகள், உலர்பழம். இனிப்பும் எண்ணெயும் சேர்த்து ஓவனில் சுட்டால் கிரானோலா. சேர்க்காமல் கலந்தால் மியூஸ்லி. 1900 வாக்கில் சூரிச்சில் பிர்ஷர் பென்னர் என்ற மருத்துவர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லியில் வறுவலே கிடையாது. ஊறவைத்த ஓட்ஸ், துருவிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கன்டென்ஸ்டு மில்க், கொட்டைகள், அவ்வளவுதான். எனக்கு வறுத்தால்தான் பிடிக்கும். என்னிடம் ஓவனும் இல்லை, அதனால் எல்லாமே அடுப்பில்தான்.

ரோல்டு ஓட்ஸ் 3 கப் எடுத்துக்கொள்ளுங்கள். உடனடி ஓட்ஸ் வேண்டாம், பாகில் குழைந்துவிடும். அடிகனமான வாணலியில் சின்னத் தீயில் 10 நிமிடம், கை ஓயாமல் கிளறுங்கள். நிறம் மாறக் காத்திருக்க வேண்டாம். வாசனை வந்து, ஒன்றைக் கடித்தால் மொறுமொறுவென்று இருந்தால் சரி. அப்புறம் வேர்க்கடலை அரை கப், நறுக்கிய பாதாம் அரை கப், பூசணி விதை கால் கப், எள் 2 மேசைக்கரண்டி. இவற்றைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். எள் பொரியும் நேரத்தில் கடலை பாதிகூட வறுபட்டிருக்காது.

எல்லாவற்றையும் கலந்து நன்றாக ஆறவிடுங்கள். பாதியை உலர்திராட்சையோடு பாட்டிலில் போட்டால் மியூஸ்லி தயார். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து நமுத்துப்போகும். திராட்சையை வாணலியில் போடாதீர்கள், கசக்கும்.

மீதிப் பாதி கிரானோலா பாருக்கு, அதாவது பாகில் பிடித்து வெட்டும் துண்டுகளுக்கு. இங்கேதான் கவனம் வேண்டும். பொடித்த வெல்லம் அரை கப், தண்ணீர் 2 மேசைக்கரண்டி. கரைந்ததும் வடிகட்டி, நெய் 1 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் இருக்கட்டும். நுரை அடர்ந்ததும் ஒரு சொட்டு அதில் விட்டுப் பாருங்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வரவேண்டும். அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்கு இது தெரிந்த பதம்தான். தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வந்தால் அது கடலை மிட்டாய்ப் பதம், தாண்டிவிட்டீர்கள். முதல் முறை நான் அப்படித்தான் தாண்டினேன். குழவியால் உடைத்துத் தின்றோம்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, மசித்த பேரீச்சம்பழம் 6 சேருங்கள். பார் கல்லாகாமல் பார்த்துக்கொள்வது அதுதான். உடனே கலவையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, டம்ளர் அடிப்பாகத்தால் பலமாக அழுத்துங்கள். எவ்வளவு இறுக்கமாக அழுத்துகிறீர்களோ அவ்வளவுக்கு உதிராமல் நிற்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டு, முழுக்க ஆறியபின் எடுங்கள்.

அப்படியும் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். அந்த உதிரியைத் தயிரில் போட்டால் கிரானோலா மாதிரிதான் இருக்கும். எங்கள் வீட்டில் பாரைவிட அதுதான் முதலில் காலியாகிறது.