போர்வெல் தண்ணீரும் அடங்காத பிஎச்சும்

வீட்டுக்குள் எல்இடி விளக்கு வெளிச்சத்தில், மண்ணில்லாமல், உரம் கலந்த தண்ணீர்க் கரைசலில் லெட்டூஸ் கீரை வளர்க்கிறேன். திடீரென்று இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தன. இரும்புச் சத்து போதாததன் அடையாளம் இது. கரைசலில் இரும்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.8. அந்த அளவில் இரும்பு வேருக்குச் சரியாகக் கிடைக்காது. லெட்டூஸுக்கு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது.

பாஸ்பாரிக் அமிலம் சொட்டுவிட்டு 6க்கு இறக்கினால், மறுநாள் காலையில் பழையபடி 7ஐத் தாண்டி நிற்கும். எங்கள் போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். ஊற்றுகிற அமிலத்தையெல்லாம் அது தின்றுவிடும். பிஎச்சை மட்டும் துரத்திப் பயனில்லை, பைகார்பனேட் தரும் இந்தக் காரத்தன்மையைக் குறைக்க வேண்டும்.

அதனால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்தேன். முதலில் உரம், அப்புறம்தான் அமிலம். உரமே பிஎச்சைக் கொஞ்சம் இறக்கிவிடும். ஏர் பம்பை இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் அளந்து மிச்சத்தைச் சரிசெய்தேன். அதன்பின் நிலையாக நின்றது. புதிய இலைகளும் பச்சையாகவே வந்தன.

சிலர் வினிகர் போடச் சொல்வார்கள். வேண்டாம், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்ததும் பிஎச் திரும்ப ஏறும். பிஎச் மீட்டரையும், பிஎச் 4, 7 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.